ஜக்கம்மாள் அமுக்கி வைத்த மெயில்கள்

தேனி ஞானதுரை, போடி ஜக்கம்மாளுக்குத் தரவேண்டிய கடன் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய். ஆயிரத்து இருநூறு இலவம்பஞ்சுத் தலையணை, வரியெல்லாம் சேர்த்து ஒன்று முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய், மொத்தம் நாலு லட்சத்து அறுபத்து இரண்டாயிரம். அதில் வந்து சேர்ந்தது இரண்டு லட்சத்து எழுபத்தேழாயிரத்து நானூறு. மிச்சம் நின்றதுதான் மேலே சொன்ன தொகை. சரக்கு லாரியில் ஏறியது 2019 சித்திரையில். கடன் நின்றது மூன்று வருஷத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கைச் சொல்ல ஜக்கம்மாளுக்குக் காகிதமும் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் அவள். ஆனால் போடியில் பி.காம். படித்தவர்கள் பொத்தானை அமுக்கி முடிப்பதற்குள் இவள் விடையைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகவே இருந்தாலும் சொல்லாமல் விடுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

பிறந்தது வருசநாட்டுப் பக்கம். பதினான்கு வயதில் போடிக்குப் பஞ்சு வேலைக்கு வந்தாள். இலவம்பஞ்சு வேலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாலு பக்கமும் வலை அடித்த ஓர் அறை. உள்ளே காயை உடைத்துக் கொட்டி, கம்பை விட்டுக் கடைந்தால் விதை கீழே உதிரும், பஞ்சு மேலே பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். காற்றாடி போடக் கூடாது. சாயங்காலம் வெளியே வரும்போது பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அறுபது வயதுத் தலை. அப்படிப் பதினாறு வருஷம் கடைந்தாள். முப்பது வயதில் இரண்டு மூட்டைப் பஞ்சைத் தவணைக்கு வாங்கி, தானே தலையணை தைத்து, தலையில் சுமந்து வீடு வீடாக விற்றாள். நாற்பதில் வாடகைக் கொட்டகை. நாற்பத்தெட்டில் சொந்தக் குடோன், பஞ்சை அமுக்கிப் பேல் என்னும் கட்டாகக் கட்ட சொந்த பிரஸ். இன்றைக்கு இருபத்தாறு பெண்கள் அவளிடம் சம்பளம் வாங்குகிறார்கள். யாரும் கைதூக்கி விடவில்லை. தூக்கிவிட வந்த இரண்டு பேரும் வட்டி கேட்டார்கள்.

கம்பத்திலிருந்து குமுளி வரை எந்த லாட்ஜில் தலை சாய்த்தாலும் அந்தத் தலைக்கு அடியில் தன் பஞ்சுதான் இருக்கும் என்று ஜக்கம்மாள் சொல்லுவாள். கூடுதலாகச் சொல்கிறாள் என்று நினைப்பவர்கள் போய் உறையைத் திருப்பிப் பார்க்கட்டும். மூலையில் சிவப்பு நூலில் 'ஜ' என்று ஓர் எழுத்து இருக்கும். அந்த ஓர் எழுத்தை எழுத மூன்றாம் வகுப்பு போதும்.

மூணாறு, தேக்கடி ரிசார்ட்காரர்கள் எல்லாம் போனில் பேசிப் பேசி அலுத்து, "ஒரு மெயில் அயக்கு சேச்சி", அனுப்பு அக்கா என்று, மலையாளத்தில் கேட்க ஆரம்பித்த காலத்தில் அவள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். அதைப் பார்த்துக்கொள்ள பிரின்சியை வேலைக்கு வைத்தாள். பிரின்சி போடியிலேயே கட்டிக்கொடுத்த பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய், அதிர்ந்து பேச மாட்டாள். மெயில் வந்தால் அவள் தமிழில் சொல்லுவாள். ஜக்கம்மாள் பதில் சொல்லுவாள். அதைப் பிரின்சி இங்கிலீஷில் தட்டி அனுப்புவாள். இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆள் மாதிரி வேலை செய்தார்கள்.

2011-இல் ஒரு நாள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டது. புதிதாக எதுவும் உள்ளே வரமாட்டேன் என்கிறது. தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த வினோத்ராஜைக் கூப்பிட்டார்கள். வட்டாரத்தில் பாதிக் கடைகளுக்கு அவன்தான் கம்ப்யூட்டர் வைத்தியன். வந்து உட்கார்ந்தான், பார்த்தான், சொன்னான்.

"ஒண்ணுமில்லம்மா. பழசையெல்லாம் அழிச்சிட்டா எடம் வந்திரும்."

"எந்தப் பழசை?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தினது. அதை இனிமே யாரு பாக்கப் போறாக?"

"தம்பி, உங்க வீட்டுப் பத்திரம் எந்த வருசத்தது?"

"அது தாத்தா காலத்ததும்மா."

"அழிச்சிட்டியா? பீரோவுல எடம் அடைக்குமே."

பிரின்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வினோத்ராஜ் தலையைச் சொறிந்தான்.

"அழிக்க வேணாம்னா இன்னொரு வழி இருக்கும்மா. மெயிலையெல்லாம் கம்ப்யூட்டருக்கு எறக்கி, ஃபோல்டர் ஃபோல்டரா கம்ப்ரஸ் பண்ணி வைக்கலாம். நாலு பங்கு எடத்துல இருக்கறது ஒரு பங்குல அடங்கிரும்."

"கம்ப்ரஸ்னா?"

"அமுக்கி வைக்கிறது. உள்ள இருக்கறது கெடாது. வேணும்கிறப்பப் பிரிச்சுக்கலாம்."

ஜக்கம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன. அமுக்குறதுக்கு நீ எனக்குச் சொல்லித் தரப்போறியா?"

உண்மைதானே. அமுக்காத இலவம்பஞ்சு வெறும் காற்று. லாரி நிறைய ஏற்றினாலும் டீசல் காசு தேறாது. அதை எப்படி அமுக்க வேண்டும், எவ்வளவு அமுக்க வேண்டும், அமுக்கியதை எப்படி வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அவளுக்கு மிஞ்சிய ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. அன்றைக்கே, வினோத்ராஜ் டீயைக் குடித்து முடிப்பதற்குள், மெயிலுக்கும் அதே சட்டம் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு பருவத்துப் பஞ்சை இன்னொரு பருவத்துப் பஞ்சோடு கலந்து பேல் போடக் கூடாது. அதனால் மெயிலையும் பருவம் பருவமாகக் கட்ட வேண்டும். பிரின்சி மெதுவாக, "ஜனவரியில இருந்து டிசம்பர் வரைக்கும் வைப்போமாம்மா, அதுதான் எல்லாரும் வைக்கிறது" என்றாள்.

"ஜனவரியில எந்த மரத்துல காய் வெடிச்சிருக்கு? பங்குனியில ஆரம்பி. மாசியில மூட்டையைத் தை."

அப்படியே ஆயிற்று. பேலுக்குள் ஒரு சீட்டு, பேலுக்கு வெளியே ஒரு சீட்டு, இரண்டிலும் ஒரே நம்பர். அதுபோல ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். வெளியே நோட்டில் அதே பட்டியல். ஆடிக் காற்றில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பேலைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். அதனால் ஆடிக்கு ஆடி பிரின்சி பழைய ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நாலு மெயிலைத் திறந்து படித்துவிட்டு மறுபடி அமுக்கி வைத்தாள். "இதெல்லாம் பேங்க்ல கூடச் செய்ய மாட்டாகம்மா" என்று வினோத்ராஜ் சிரித்தான். சிரிக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: இலவம்பஞ்சுக்காரன் தன் சரக்கு முழுவதையும் ஒரே கூரைக்கு அடியில் வைக்க மாட்டான். ஒரு பீடி நெருப்புப் போதும். எனவே ஒவ்வொரு மாசியிலும் அமுக்கிய மெயிலை ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அது பிரின்சி வீட்டுக்குப் போனது. துணி பீரோவில், நல்ல சேலைகளுக்கு நடுவில் இருந்தது.

ஒரு தப்பும் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். விதையோடு பஞ்சை அமுக்கினால் விதை நசுங்கி எண்ணெய் விட்டுவிடும், பஞ்சு மஞ்சளாகிவிடும். மெயிலுக்கு வால் மாதிரி படம், கடிதம் என்று ஒட்டிக்கொண்டு வருவதுதான் இடத்தை அடைக்கிறது என்று பிரின்சி சொன்னதும், "அதுதான் விதை. எடுத்திரு" என்று ஜக்கம்மாள் உத்தரவு போட்டாள். முதல் பருவத்து மெயில் முழுக்க விதை எடுக்கப்பட்டது. எடுத்த விதையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை, போய்விட்டது. அடுத்த வருஷம் தேக்கடியிலிருந்து, 'போன தடவை அனுப்பிய படத்தில் இருக்கிற மாதிரியே மெத்தை வேண்டும்' என்று மெயில் வந்தபோது படம் இல்லை. சொற்கள் மட்டும் இருந்தன. அந்த ஆர்டர் வேறொருவனுக்குப் போயிற்று. ஜக்கம்மாள் செய்த தப்புகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். அதில் இது கட்டைவிரல். மறுநாளே சட்டத்தைத் திருத்தினாள்: "மெயிலை மட்டும் விதையோட அமுக்கு. எடம் போனாப் போகுது."

இப்போது ஞானதுரைக்கு வருவோம்.

தேனி கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மெத்தைக் கடை. மரியாதைப்பட்டவர், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேட்டவுடன் எழுதிக் கொடுப்பவர். கையைவிட்டுப் பணம் போகிற இடம் வியாபாரமாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். கேரளத்தில் ஒரு புது ரிசார்ட்டுக்கு ஆயிரத்து இருநூறு தலையணை வேண்டும் என்று 2019 மாசியில் ஜக்கம்மாளிடம் விலை பேசினார். காய் வெடிப்பதற்கு முன்னாலேயே விலை பேசிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். முதலில் தலையணைக்கு ஒரு கிலோ பஞ்சு என்றார். பிறகு முக்கால் கிலோ என்று மாற்றினார். அதற்குத்தான் விலையும் முந்நூற்று எண்பத்தைந்து ஆனது. சித்திரையில் சரக்கு போனது.

பணம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, ஐப்பசியோடு நின்றது. "ரிசார்ட்டுல இன்னும் தரலைம்மா" என்றார். அடுத்த வருஷம் கொரோனா வந்து ரிசார்ட்டையே மூடியது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது கடன் கேட்க ஜக்கம்மாளுக்கு மனசு வரவில்லை. இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை. அதற்கு வந்த பலனைப் பாருங்கள்.

2022 ஆனி மாதம். மத்தியானம் மூன்று மணி. வயரில் ஒரு பொறி, குடோனில் நெருப்பு. இலவம்பஞ்சு எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது எரிவதில்லை, காணாமல் போகும். பெண்கள் அத்தனை பேரும் வெளியே ஓடிவிட்டார்கள். ஒருத்திக்கும் காயமில்லை. பிரஸ் மோட்டார், கம்ப்யூட்டர், நோட்டுகள், நூற்று நாற்பது பேல் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. தீயணைப்பு வண்டி வந்து சாம்பலைத்தான் நனைத்தது.

இன்னொருத்தியாக இருந்தால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஜக்கம்மாள் பத்தாம் நாள் வாடகைக் கொட்டகையில் வலை அடித்துவிட்டாள். வேறு இடத்தில் வைத்திருந்த நாற்பது பேலை வைத்து வேலை தொடங்கியாயிற்று. ஆனால் பிரஸ் ஓட வேண்டும். பிரஸ் ஓடாவிட்டால் வெளியூருக்குச் சரக்கு போகாது. சரக்கு போகாவிட்டால் இருபத்தாறு பேருக்குச் சம்பளம் இல்லை. மோட்டாரும் கூடவே மாற்ற வேண்டிய இரும்பும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்று கோயம்புத்தூரிலிருந்து விலை வந்தது. கடனுக்கு வாங்குவதில்லை என்பது அவள் தீர்மானம். நேரே பஸ் ஏறித் தேனிக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அந்தப் பாக்கியைக் குடுத்தா பிரஸ்ஸை ஓட வச்சிருவேன்."

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாக்கியா? அது கழிவும்மா. ஒரு கிலோன்னு பேசிட்டு முக்கால் கிலோ அடைச்சு அனுப்புனீக. ரிசார்ட்டுல எம் மானம் போச்சு. அதுக்குத்தான் பிடிச்சேன்."

ஜக்கம்மாள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட இந்தப் பேச்சு வந்ததில்லை.

"சரி, நீங்க சொல்ற மாதிரியே வச்சுக்குவோம். ஆயிரத்து இருநூறுக்குக் கால் கால் கிலோன்னா முந்நூறு கிலோ. அன்னைக்கு வெலைக்கு எம்பதாயிரம்கூட வராது. மிச்ச லட்சம் எந்தக் கணக்கு அண்ணாச்சி?"

"அதான் சொன்னேனே, மானம்."

"முக்கால் கிலோன்னு மாத்துனது நீங்க. மெயில்ல வந்துச்சு."

"வந்துச்சுன்னா காட்டுங்க. எங்கிட்ட பழசு எதுவும் இல்ல, பெட்டி நெறஞ்சு போச்சுன்னு போன வருசமே அழிச்சாச்சு. உங்ககிட்ட இருந்தது..." குரலைத் தாழ்த்தினார். "அதான் எரிஞ்சு போச்சுல்ல. நானும் கேள்விப்பட்டு வருத்தப்பட்டேன்."

அவள் எழுந்து படியிறங்கும்போது, அவர் கடைப் பையனிடம் சொன்னது காதில் விழுந்தது. "கைநாட்டுக் கணக்குக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கு பாரு."

ஜக்கம்மாள் திரும்பவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிரின்சிக்குப் போன் போட்டாள்.

"பிரின்சி, சேலை பீரோவுல இருக்கறது இருக்குல்ல?"

"இருக்கும்மா. போன மாசி வரைக்கும் அதுல இருக்கு."

"ஆடியில பிரிச்சுப் பாத்தியா?"

"இந்த ஆடிக்குத்தான் நெருப்புல நாம அலைஞ்சுக்கிட்டு இருந்தோமே. போன ஆடியில பாத்தேன். எல்லாம் நல்லா இருந்துச்சு."

"போதும்."

கோர்ட்டுக்குப் போக அவளுக்கு நேரமில்லை. பஞ்சு மெத்தை வியாபாரிகள் சங்கத்துக்குப் போனாள். தலைவர் லிங்கேஸ்வரன் கறார் ஆள். சொந்த மச்சானுக்கே ஒருமுறை அபராதம் போட்டவர். புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் இரண்டு பேரையும் வரச் சொன்னார். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்பதால் வினோத்ராஜையும் வரச் சொன்னார். இரண்டு கடைக்கும் மெயில் வைத்துக் கொடுத்தவன் அவன்தான். அவன் மீது ஒருவருக்கும் சந்தேகம் வராது.

சங்கத்து மாடியில் பதினைந்து, இருபது வியாபாரிகள் கூடியிருந்தார்கள். சுவரில் பெரிய டி.வி. மாட்டி, அதில் கம்ப்யூட்டரைக் கோத்திருந்தான் வினோத்ராஜ். பிரின்சி கைத்துண்டில் சுற்றிய டிஸ்கை நீட்டினாள். லிங்கேஸ்வரன் வாங்கி அவனிடம் கொடுத்தார்.

"ரெண்டு பக்கத்து ஆளும் கம்ப்யூட்டர் கிட்ட வரக் கூடாது. தம்பி தேடும்போது ரெண்டு பக்கத்து வேலையாளும் பேசக் கூடாது. பின்னாடி இது ஜோடிச்சதுன்னு பேச்சு வரக் கூடாது பாருங்க."

ஞானதுரையின் முகத்தில் டிஸ்கைப் பார்த்ததும் ஒரு நொடி ஈயாடவில்லை. ஆனால் அடங்கி உட்கார்ந்தார்.

வினோத்ராஜ் டிஸ்கைச் சொருகினான். தேடும் இடத்தில் ஞானதுரையின் பெயரைத் தட்டினான். ஒரு வளையம் சுற்றியது. நின்றது. மறுபடி தட்டினான். மெயில் முகவரியைப் போட்டுப் பார்த்தான். டி.வி.யில் ஒரு வரி மட்டும் வந்தது.

"ஒண்ணும் கிடைக்கலைன்னு வருதுங்கய்யா" என்றான் லிங்கேஸ்வரனிடம்.

மாடியில் சலசலப்பு. ஞானதுரை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு காலைத் தளர்த்தினார். "சங்கத்துல எல்லாருக்கும் காப்பி சொல்லுங்கப்பா. எங்கணக்கு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பின் வரிசையில் பிரின்சி எழுந்து, "ஐயா, அது" என்று ஆரம்பித்தாள். லிங்கேஸ்வரன் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

ஜக்கம்மாள் பிரஸ் போயிற்று என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். இருபத்தாறு பேரின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் அவள் கண் டி.வி.யை விட்டு நகரவில்லை. இங்கிலீஷ் எழுத்து அவளுக்குப் படிக்க வராது. படம் படிக்க வரும். வரிசையாகப் பத்துப் பதினைந்து மஞ்சள் பைகள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடியது. அவளுக்கு அது மூட்டைத் தையல்.

"நான் வேலையாள் இல்ல, மொதலாளி. நான் பேசலாம்ல?" என்றாள் லிங்கேஸ்வரனைப் பார்த்து.

"பேசுங்கம்மா."

"தம்பி, அங்கன நிக்கிற பை எல்லாத்துலயும் நடுவுல தையல் ஓடுதே, அது என்ன?"

வினோத்ராஜ் டி.வி.யைப் பார்த்தான். "அது ஜிப்பும்மா. கம்ப்ரஸ் பண்ணி வச்ச ஃபோல்டருன்னு அடையாளம்."

"பிரிச்சியா?"

அவன் மவுஸை ஒரு பையின் மேல் கொண்டுபோய் நிறுத்தினான்.

"பேலு மேல கையைத் தடவிட்டு உள்ள பஞ்சு இல்லேன்னு சொன்னா, எங்கொட்டகைப் பொம்பளைக வாயில துணியைக் கட்டிக்கிட்டே சிரிப்பாளுக. தையலைப் பிரி. பெறகு தேடு."

வினோத்ராஜின் காது சிவந்துவிட்டது. "அம்மா சொல்றது சரிங்கய்யா" என்றான். "பிரிக்காம தேடுனா உள்ள போயிப் பாக்காது. அவசரத்துல நான் யோசிக்கல."

"பத்து வருசத்துக்கு முன்னாடி நாந்தான் உனக்கு இதைச் சொன்னேன்" என்றாள் ஜக்கம்மாள். அமுக்குவதைச் சொன்னவன் அவன்தான். ஆனால் அந்த நேரத்தில் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

"எதை மொதல்ல பிரிக்க?" என்று கேட்டான். யாரோ, "2019-ல சரக்கு போச்சுன்னாகல்ல, அதைப் பிரி" என்றார்கள். பிரித்தான். டி.வி.யில் ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தது. தேடினான். இந்தத் தடவை ஞானதுரையின் பெயர் நாற்பது இடத்தில் வந்தது. ரசீது, லாரி நம்பர், 'சரக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது' என்று ஒரு வரி, பணம் போட்ட விவரம். எடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஞானதுரை கையை விரித்தார். "சரக்கு வந்ததை நான் இல்லேன்னு சொல்லலியே. எடை எங்க?"

"சரக்கு வந்தது அந்தப் பருவத்துல" என்றாள் ஜக்கம்மாள். "பேச்சு நடந்தது மாசியில. காய் வெடிக்கிறதுக்கு முன்னாடியே வெலை பேசுறதுதானே நம்ம வழக்கம்? மாசி எங்கிட்ட முந்தின பேலோட சேரும். அதுக்கு மேல உள்ளதைப் பிரி தம்பி."

வியாபாரிகளில் வயதான இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். பருவக் கணக்கு அவர்களுக்கும் ரத்தத்தில் ஊறியதுதான். ஜனவரி, டிசம்பர் என்று வைத்திருந்தால் இது முதல் பையிலேயே வந்திருக்கும், ஆனால் அதைச் சொல்லும் நேரமா அது?

பச்சைக் கோடு மறுபடி நகர்ந்தது. காப்பி வந்தது; யாரும் எடுக்கவில்லை. கோடு பாதியில் ஒரு நிமிஷம் நின்றது. பிரின்சி வாய்க்குள் ஜெபித்தாள். பிறகு ஓடி முடிந்தது.

வினோத்ராஜ் தேடினான். பிப்ரவரி இருபதாம் தேதி மெயில் ஒன்று வந்து நின்றது. அவன் தமிழில் வாசித்தான்.

"'மாதிரித் தலையணை பார்த்தோம். ஒரு கிலோ வேண்டாம், கழுத்துக்கு உயரமாக இருக்கிறது என்று ரிசார்ட்டில் சொல்கிறார்கள். முக்கால் கிலோ போதும். இதேபோல் ஆயிரத்து இருநூறும் தரவும். எடை போட்ட படம் இத்துடன் வருகிறது. ஞானதுரை.'"

"படம் இருக்கா?" என்று லிங்கேஸ்வரன் கேட்டார்.

இருந்தது. அவன் தட்டியதும் டி.வி. முழுக்க விரிந்தது. ஞானதுரையின் கடைக் கண்ணாடி மேஜை. மேலே தராசு. அதில் ஒரு தலையணை. சிவப்பு எண்ணில் பூஜ்யம், புள்ளி, ஏழு, ஐந்து, பூஜ்யம். பின்னால் கடைப் பெயர் போட்ட காலண்டர். தராசுக்குப் பக்கத்தில் தலையணையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஞானதுரையே நின்று சிரித்தார். நல்ல தெளிவான படம்.

மாடியில் சிரிப்பு வெடித்தது. கடைசி வரிசையில் ஒருவர், "அண்ணாச்சி போட்டோவுல இளமையா இருக்காக" என்றார்.

ஞானதுரை தொண்டையைக் கனைத்தார். "இந்தக் காலத்துல படத்தை என்ன வேணும்னாலும் பண்றாக. தம்பி, நீ சொல்லு."

வினோத்ராஜ் மெயிலின் தலைப்பகுதியைத் திறந்து, இருபது வரியைக் கீழே இறக்கிக் காட்டினான். "கிளம்புன நேரம், வந்த வழி, எல்லாம் இதுல இருக்கு அண்ணாச்சி. இது உங்க ஆபீஸ்ல இருந்து போனதுதான். இந்த முகவரியை உங்களுக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தானே."

ஞானதுரை ஆறிய காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"மறந்துட்டேன் போலிருக்கு" என்றார்.

"மறதிக்குச் சங்கத்துல அபராதம் இல்ல" என்றார் லிங்கேஸ்வரன். "பாக்கியை இன்னைக்கே, இங்கனயே தீத்திருங்க. அதோட இவுகளைக் கைநாட்டுன்னு சொன்னீகளாம். அது என் காதுக்கும் வந்துச்சு. இருபது வருசமா சங்கம் நடத்துறேன், ஒரு மெயிலைக்கூட ஒழுங்கா வைக்கலை நான். கைநாட்டு யாருன்னு நாம கொஞ்சம் யோசிக்கணும்."

ஜக்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதை எழுதுகிறவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை, அங்கிருந்த இருபது பேரும் பார்த்தார்கள்: அந்த நாற்காலி அன்றைக்கு ஒரு சாண் உயரமாகத் தெரிந்தது. அடுத்த மாதத்துக்குள் அந்த இருபது பேரில் ஏழு பேர் பிரின்சிக்குப் போன் போட்டு, மெயிலை எப்படி அமுக்குவது என்று கேட்டார்கள் என்பது வேறு கதை. பிரின்சி சும்மா சொல்லித் தரவில்லை. ஒரு கடைக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினாள். அதுவும் ஜக்கம்மாள் போட்ட ரேட்டுதான்.

ஞானதுரை போனை எடுத்துப் பேங்க் ஆப்பைத் திறந்தார். இரண்டு தடவை தப்பாக நம்பர் போட்டு, மூன்றாம் தடவை சரியாகப் போட்டார். கடையின் பேங்க் கணக்கைச் சேர்த்திருந்த பிரின்சியின் போனில் ஒரு மணி அடித்தது.

"ஒரு லட்சத்து எண்பதாயிரம் வந்திருச்சும்மா" என்றாள் பிரின்சி. அவள் குரல் சங்கத்து மாடியில் அன்றைக்குத்தான் உரக்கக் கேட்டது.

எல்லோரும் எழுந்தார்கள். ஞானதுரை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அந்த நாலாயிரத்துச் சொச்சத்தை விட்டுருங்க ஜக்கம்மா. பிரஸ்ஸுக்கு வேண்டியது வந்திருச்சுல்ல. இத்தனை வருசப் பழக்கம்."

ஜக்கம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தலையணைக்கு விதை பொறுக்கிப் பஞ்சு அடைக்க எம் பொம்பளைகளுக்கு ஒண்ணுக்கு நாலு ரூவா கூலி அண்ணாச்சி. ஆயிரத்து இருநூறுக்கு எவ்வளவு?"

அவர் போனில் கால்குலேட்டரைத் தேடினார்.

"நாலாயிரத்து எண்ணூறு" என்றாள் ஜக்கம்மாள். "அதை அன்னைக்கே எங்கையில இருந்து குடுத்துட்டேன். நீங்க விடச் சொல்ற நாலாயிரத்து அறுநூறு அந்தக் கூலிதான்."

சொல்லிவிட்டு வலது கையை நீட்டினாள். பதினாறு வருஷம் கம்பு பிடித்துக் காய்த்துப் போன உள்ளங்கை. அகலமாக விரித்து, டி.வி. வெளிச்சத்தில் அப்படியே வைத்திருந்தாள். படியிறங்கப் போனவர்கள் நின்றார்கள்.

ஞானதுரை சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். ஐந்நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார். அவள் வாய்விட்டு எண்ணினாள். ஒன்பது தாள் வந்ததும் அவர் பர்ஸை மூடப் பார்த்தார். அவள் விரலை மடக்கவில்லை. அவர் மறுபடி திறந்து, தேடி, ஒரு நூறு ரூபாயை எடுத்து, மேலே வைத்தார்.